சாயத்தில் பிறக்கும் மின்சாரம்



இலையின் பச்சையம் வெயிலைப் பிடிப்பதை நாம் அறிவோம். அவ்வாறே சாயத்தைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் சூரிய மின்கலம் பற்றிக் கூற விரும்புகிறேன்.

கண்ணாடியில் டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெள்ளைப் பொடியைப் பூசிச் சாயம் ஏற்றுகிறார்கள். வெயில் பட்டதும் சாயத்திலிருந்து எலக்ட்ரான்கள் பொடிக்குள் பாய்கின்றன. வழவழப்பான பரப்பில் சாயம் மெல்லிய அடுக்காகவே ஒட்டும். பிடிக்கும் ஒளி மிகச் சொற்பம். 1991-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஓ'ரீகன், கிராட்செல் இருவரும் சுமார் 15 நானோமீட்டர் அளவுள்ள நுண்துகள்களைப் பயன்படுத்தினார்கள். ஒரு நானோமீட்டர், மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. மணலைவிடக் களிமண் அதிக ஈரம் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். துகள் சிறுத்தால் மொத்தப் பரப்பு பெருகும். அதுபோலச் சாயம் ஒட்டும் பரப்பும் பல நூறு மடங்கு பெருகியது. மின்திறன் 7 சதவிகிதத்தைத் தாண்டியது. 2022-இல் இரு சாயங்களைச் சேர்த்து ஆய்வுக்கூடத்தில் 15 சதவிகிதத்தை எட்டினார்கள்.

துகளுக்குத் துகள் தாவும்போது, வளைந்த மண் வாய்க்காலில் நீர் குறைவதுபோல், எலக்ட்ரான்களும் வீணாகின்றன. நுண்கம்பிகளை வைத்தால் பாதை நேராகும். ஆனால் பரப்பு குறையும். இவ்விரண்டையும் இணைக்கவே ஆராய்ச்சி நடக்கிறது.

கலத்திலுள்ள திரவம் சூட்டில் கசியக்கூடும். எனவே பம்புசெட்டுக்கு இதை நம்பிப் பணம் போடாதீர்கள். சிலிக்கான் தகடுகளே ஏற்றவை. மங்கிய ஒளியிலும் இயங்குவதால், நிழல்வலைக் குடிலில் ஈரம் காட்டும் சிறு கருவிகளுக்கு இது உதவலாம்.