பலகை மாறியது, பாதாளம் மாறியதா?

நிலக்கரிச் சுரங்கத்தை நிர்வகிப்பவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்? பங்குதாரருக்கா? அரசாங்கத்துக்கா? பாதாளத்தில் இறங்கும் பாட்டாளிக்கா? தென் வேல்ஸின் சுரங்கப் பள்ளத்தாக்குகள் இக்கேள்விக்கான விடையை உயிர்கொடுத்துக் கற்றன.

1913 அக்டோபர் 14. செங்கெனித் சுரங்கம் வெடித்தது. 439 தொழிலாளர் மாண்டனர். ஆபத்து வேளையில் காற்றோட்டத்தைத் திருப்பிவிடும் ஏற்பாடு வேண்டுமெனச் சட்டம் கூறியது. சுரங்கத்தில் அந்த ஏற்பாடு இல்லை. வழக்கு நடந்தது. நிர்வாகிக்கு 24 பவுன் அபராதம். கம்பெனிக்கு 10 பவுன். கணக்கிட்டுப் பாருங்கள், உயிர் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை ஷில்லிங்! அன்று நிர்வாகி முதலாளியின் காவலாள்; இலாபமே அவருக்கு எசமான்.

1947 ஜனவரி 1. சுரங்கங்கள் நாட்டுடைமையாயின. மக்கள் சார்பில் தேசிய நிலக்கரி வாரியம் நிர்வகிக்கிறது என்று வாயில்தோறும் பலகை நட்டனர். வாரத்துக்கு ஐந்து நாள் வேலை வந்தது. அது பெரும்பேறு, மறுப்பதற்கில்லை. ஆனால், நேற்று உத்தரவிட்டவர் பலர் இன்றும் அதே நாற்காலியில்! எசமான் போனான், மேலிருந்து ஆணை வரும் முறை போகவில்லை.

விளைவு? 1966 அக்டோபர் 21. அபர்வான் ஊரின்மீது வாரியத்தின் கழிவுமேடு சரிந்தது. 144 பேர் மடிந்தனர். அவர்களில் 116 பேர் குழந்தைகள். பள்ளிக்குப் பின்னால் ஆபத்து உண்டென மூன்றாண்டு முன்பே நகரசபையினர் எழுதி எச்சரித்திருந்தனர், கேட்பாரில்லை. விசாரணை மன்றம் வாரியத்தையே குற்றவாளி என்றது. பதவியிழந்தவர் ஒருவருமில்லை. எஞ்சிய மேடுகளை அகற்ற, துயர்பட்டோருக்கென உலகம் தந்த நிதியிலிருந்தே 150,000 பவுன் பிடுங்கப்பட்டது. 1997இல்தான் அது திரும்பிற்று.

அதே தென் வேல்ஸில் டவர் சுரங்கம். இலாபமில்லை என்று 1994இல் மூடினர். 239 தொழிலாளர் ஆளுக்கு 8,000 பவுன் போட்டு அதை வாங்கினர். 1995 ஜனவரியில் திறந்தனர். வெட்டத்தக்க கரி தீரும் வரை, 2008 வரை, நடத்திக் காட்டினர். அங்கே நிர்வாகம் கணக்கு ஒப்புவித்தது கரி வெட்டியவரிடம்!

தோழர்களே! உடைமையைப் பறித்து அரசிடம் ஒப்படைப்பது முதற்படி. எச்சரிப்பவன் குரலுக்கு நிர்வாகம் செவிசாய்த்தே தீரவேண்டும் என்ற நிலையை உண்டாக்குவது அடுத்த படி. அந்தப் படியில் ஏறாதவரை, வாயிலில் எந்தப் பலகை தொங்கினால் என்ன? உங்கள் தொழிற்கூடத்தில் இக்கேள்வியை எழுப்புங்கள். விடை கிடைக்கும்வரை ஓயாதீர்கள்!