தோட்டக் கத்திக்கு ஒரு தோல் உறை

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ‘கைத்தொழில் பழகுவோம்’ பகுதியில் பேசியது)



மொட்டை மாடித் தோட்டத்தில் கருவிகள் வைக்கும் நீலப் பெட்டி உங்களுக்குத் தெரியும். சில மாதங்களுக்கு முன் நம் தோட்டக்காரர் அதற்குள் கைவிட்டபோது, உள்ளே கிடந்த கத்தி அவர் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. நான்கு தையல். பத்து நாள் வேலைக்கு வர முடியவில்லை. முதல் நாள் மாலை அந்தக் கத்தியைப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் போட்டவன் நான்தான். இதை அன்றே சங்கத்திடம் சொல்லிவிட்டேன். இன்று உங்கள் முன்னும் சொல்கிறேன். உறை செய்யக் கற்றுக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

முதல் உறை தோல்வி. வீட்டிலிருந்த பழைய கைப்பையை வெட்டி, இரண்டாக மடித்து, ஓரத்தைத் தைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நாலாவது முறை கத்தியைச் செருகியபோது நுனி தையலை அறுத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் காட்டினேன். திருப்பிப் பார்த்துவிட்டு, “சார், கத்தி நூலைத் தின்னுடும். நடுவுல ஒரு பட்டை வைங்க” என்றார். ஒரே வரியில் பாடம் முடிந்தது. கத்தியின் கூர் எப்போதும் நூலில் படக்கூடாது. இரண்டு பக்கத் தோலுக்கும் நடுவே, கூர் வரும் பக்கம் முழுக்க ஒரு தோல் பட்டை இருந்தால், கூர் அந்தப் பட்டையில்தான் மோதும். தையல் அதற்கு வெளியே பத்திரமாக இருக்கும்.

இரண்டாவது பாடம் தோலைப் பற்றியது. கைப்பைக்கு வருவது பெரும்பாலும் குரோம் உப்பில் பதனிட்டது. மெத்தென்று இருக்கும், உருவம் நிற்காது. உறைக்கு மரப்பட்டையில் பதனிட்ட தோல் வேண்டும். நம் ஊருக்கு இது புதிதல்ல. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டது தமிழ்நாட்டின் பழைய தொழில். அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 1948இல் வந்ததும் சும்மா இல்லை. பெரியமேட்டுத் தோல் கடைகளில் ‘வெஜ் டான்’ என்று கேளுங்கள். இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர் கனம் போதும். வெட்டியது போக மிஞ்சிய துண்டு இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். சாயமிடாத துண்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உறிஞ்சிக் கருக்கும். அதுதான் நமக்கு வேண்டிய தோல்.

இனி செய்முறை.

முதலில் காகிதத்தில் வெட்டிப் பாருங்கள். காகிதத்தை மடித்து, கத்தியின் முதுகு மடிப்போரம் வரும்படி வைத்து வரையுங்கள். கூர் பக்கம் ஒன்றரை சென்டிமீட்டர் கூடுதலாக விடுங்கள். கைப்பிடியும் மூன்று சென்டிமீட்டர் அளவு உள்ளே போகட்டும். அந்தப் பிடிப்பில்தான் கத்தி நழுவாமல் நிற்கும்.

காகிதம் சரியாக அமைந்த பிறகு தோலை வெட்டுங்கள். ஒரே அழுத்தில் வெட்டப் பார்க்காதீர்கள். இரும்பு ஸ்கேல் வைத்து மெதுவாக நாலைந்து முறை இழுங்கள். மடிக்கும் இடத்தை ஈரத்துணியால் நனைத்து மடித்தால் விரிசல் விடாது. ஒரு சென்டிமீட்டர் அகலப் பட்டையைக் கூர் பக்கம் வைத்து ரப்பர் பசையால் ஒட்டி, கிளிப் போட்டு இரவு முழுக்க விட்டுவிடுங்கள். மறுநாள் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்தால் மூன்று அடுக்கும் ஒன்றுபோல் ஆகிவிடும்.

அடுத்தது துளை. ஓரத்திலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளிக் கோடு போட்டு, அதன் மேல் சாப்பாட்டு முள்கரண்டியை அழுத்திக்கொண்டே போனால் சம இடைவெளியில் புள்ளி விழும். குத்தூசியால் மூன்று அடுக்கைக் குத்துவது நம் வயதுக்குச் சிரமம். சிறிய டிரில்லில் ஒன்றரை மில்லிமீட்டர் முனை போட்டுத் துளைத்தேன்.

வங்கியில் தினமும் வவுச்சர் கட்டு தைத்த கை இது என்று கொஞ்சம் கர்வம் இருந்தது. ஆனால் இந்தத் தையல் வேறு. ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியையும் எதிரெதிராக நுழைக்க வேண்டும். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற தையல் பிரியாது. தையல் நீளத்தைப் போல் ஐந்து மடங்கு நூல் எடுத்துத் தேன்மெழுகில் இழுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மூன்று தையல் பின்னோக்கிப் போட்டு நறுக்குங்கள்.

கடைசியாக, உறையை வெதுவெதுப்பான நீரில் ஒரு நிமிடம் நனைத்து, கத்தியைப் பிளாஸ்டிக் தாளில் நன்றாகச் சுற்றி உள்ளே செருகி, விரலால் சுற்றிலும் அழுத்தி உருவம் பிடியுங்கள். பிறகு கத்தியை எடுத்துவிட்டு நிழலில் காய வைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் விறைத்து வெடிக்கும். காய்ந்ததும் தேன்மெழுகு லேசாகத் தேய்த்தால் போதும்.

மூன்று எச்சரிக்கைகள். செருகும்போதும் உருவும்போதும் தையல் பக்கம் விரல் வளைத்துப் பிடிக்காதீர்கள். கத்தியின் முதுகு மடிப்பை ஒட்டிச் செல்லட்டும். ஈரக் கத்தியை உறையில் போடாதீர்கள். இரும்புக் கத்தியை மாதக்கணக்கில் உறையிலேயே விட்டால், தோல் இழுக்கும் ஈரத்தில் துரு ஏறும். சமையலறைக் கத்திக்கு இது வேண்டாம், தோலைக் கழுவ முடியாது.

மூன்றாவதாகச் செய்த உறைதான் இப்போது நீலப் பெட்டியில் இருக்கிறது. தையல் கொஞ்சம் கோணல். தோட்டக்காரரிடம் கொடுத்தபோது, தலைகீழாகப் பிடித்து இரண்டு முறை உதறிப் பார்த்தார். கத்தி விழவில்லை. ஒன்றும் சொல்லாமல் இடுப்பில் செருகிக்கொண்டு செடிக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார்.

பெட்டியில் இன்னும் இரண்டு அரிவாளும் ஒரு கத்தியும் உறையில்லாமல் இருக்கின்றன. ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறையில் தோலும் நூலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வருகிறவர்கள் கண்ணாடியை மறக்காமல் கொண்டு வாருங்கள்.