வற்றுங் குளத்தில் ஒரு மீன் போகம்

(கமக்காரர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



மட்டக்களப்பு வாவியின் படுவான்கரையில் வயல் செய்யும் உங்களிற் பலருக்கு மீன் என்பது விலை கொடுத்து வாங்கும் கறியே. ஆயினும் உங்கள் கண்டங்களுக்கு நீர் பாய்ச்சும் சிறு குளங்கள், மாரியில் நிறைந்தபின் ஆவணி, புரட்டாதியில் வற்றும் வரை பல மாதங்கள் நீர் தாங்கி நிற்கின்றன. அந்நீரில் ஊரார் ஒன்றுகூடி மீனையும் ஒரு போகமாக எடுக்கலாம்.

1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா குளத்தில் தானே பெருகும். ஆனால் சிறு குளத்தில் மிகப் பெருகி, உருவிற் சிறுத்துவிடும். கட்லா, ரோகு, மிரிகால் ஆகியவை முறையே மேல்நீரிலும் நடுநீரிலும் அடியிலும் இரை தேடுவதால் ஒன்றோடொன்று போட்டியிடுவது குறைவு. இவை தேங்கிய நீரில் இனம் பெருக்குவதில்லை. ஆண்டுதோறும் குஞ்சு விடவேண்டும். ஏக்கருக்கு ஏறக்குறைய 800 குஞ்சுகள் போதும். மூன்றங்குலத்திற்குக் குறைந்த குஞ்சு விராலுக்கு இரையாகும்.

வான் பாய்வது நின்ற பின்னரே குஞ்சு விடுக. முன்னரே விட்டுவிட்டு வானில் வலை கட்டுவோர் உளர். சருகும் செடியும் வலையை அடைத்தால் வெள்ளம் அணைக்கட்டையே உடைத்துவிடும். மீனும் போம், வயலும் போம்.

மீன் வளர்த்தால் வயலுக்கு நீர் மறுக்கப்படுமோ என்று அஞ்சுகிறீர்கள். அவ்வச்சம் நியாயமானதே. ஆனால் துருசு மட்டத்திற்குக் கீழே நிற்கும் நீர் வாய்க்காலில் ஏறாது. மீனுக்கு வேண்டியது அதுவே. உண்மையில் பிணக்கு விளைவது நெல்லினால் அன்று. மிளகாய்க்கும் கத்தரிக்கும் நீரிறைக்கும் இயந்திரத்தை அந்நீரில் வைக்கும்போதுதான் சண்டை மூளுகிறது. எனவே எவ்வளவு நீர் வரை இறைக்கலாம் என்பதைப் போக ஆரம்பக் கூட்டத்திலேயே வட்டவிதானை முன்னிலையில் தீர்மானித்து, அம்மட்டத்தைக் கல்லொன்றில் குறித்து நாட்டிவிடுங்கள். மருந்து தெளிகருவியைக் குளத்திற் கழுவுவதையும் அன்றே தடைசெய்யுங்கள்.

நீர் வற்றியதும் முழு மீனையும் ஒரே நாளிற் பிடித்தால் விலை விழும். ஆனியிலிருந்தே பெரிய கண் வலையால் வளர்ந்தவற்றைச் சிறிது சிறிதாகப் பிடித்து விற்க வேண்டும். வருவாயில் ஒரு பங்கை அணைக்கட்டுத் திருத்தத்திற்கும், ஒரு பங்கை அடுத்த ஆண்டுக் குஞ்சுக்கும் முதலில் ஒதுக்கிய பின்னரே மிகுதியைப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

குஞ்சு பெறும் வழிகளைத் தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் அலுவலரிடம் விசாரிக்கலாம். மாரி தொடங்குமுன்னரே கமக்காரர் அமைப்பின் பெயரில் விண்ணப்பித்து வையுங்கள். குளம் நிறைந்தபின் தேடிச் சென்றால், வேண்டிய அளவிற் குஞ்சு கிடைப்பது அரிது.