யார் வீட்டுப் பிள்ளை?



மலேசிய ரப்பர்த் தோட்டத்து லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்தவர்களுக்கு இந்தக் குரல் நினைவிருக்கும்: "யாருப்பா அது? யார் வீட்டுப் பிள்ளை?" வாசலில் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கும் பாட்டி கேட்பார். புது மோட்டார் சைக்கிள் ஒன்று லயத்துக்குள் நுழைந்தால், அது யார் வீட்டு முன்னால் நின்றது என்று பொழுது சாய்வதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். தோட்டத்துக்குக் காவலாளியாக ஜாகா இருந்தார், லயத்துக்குப் பாட்டி.

அதற்காகத் தோட்டம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. கள்ளுக்கடையில் கிளம்பிய சண்டை, வீட்டுக்குள் பெண்கள் முதுகில் வந்து இறங்கியது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவும் கேட்டார்கள். ஊற்றை அடைத்தால் வெள்ளம் வடியும் என்பது அவர்களுக்கு அன்றே தெரிந்திருக்கிறது.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. கோல சிலாங்கூர், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெஸ்தாரி ஜெயா பக்கமெல்லாம் தோட்டத்தை விட்டு வந்த பலர், இன்று தாமான் குடியிருப்புகளிலும் அடுக்குமாடிகளிலும் இருக்கிறார்கள். வாசலுக்கு இரும்புக் கதவு, மேலே கேமரா. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் மட்டும் தெரியாது. கேமரா, திருடன் போன பிறகு அவன் முகத்தைக் காட்டும். பாட்டி, அவன் வரும்போதே கேட்டுவிடுவார்.

அந்தக் கேள்வியை மறுபடி கேட்க ஒரு வழி உண்டு. 1975-இல் தொடங்கிய ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கத்தார் அமைப்புக்கு 2012-இல் தனிச் சட்டமே வந்தது. அந்த அமைப்பில் பதிந்துகொண்டு இரவில் சுற்றுக்காவல் போகலாம். கையில் டார்ச் லைட் போதும். சந்தேகப்பட்டவனைப் பிடித்து அடிப்பது நம் வேலையல்ல. பார்ப்பதும் போலீசுக்குச் சொல்வதும்தான்.

தெருவும் காவல் காக்கும். மோட்டாரில் வந்து கைப்பையைப் பறிப்பவனுக்கு வசதியானவை இரண்டு: இருட்டு, நடப்பவர் பக்கத்திலேயே ஓடும் சாலை. விளக்கு எரிந்து, நடைபாதை ஓரம் கம்பித் தடுப்பும் இருந்தால் அவன் கை எளிதில் எட்டாது.

ஆகவே நேயர்களே, உங்கள் தெருவில் எரியாத விளக்குக் கம்பத்தின் எண்ணைக் குறித்து ஊராட்சி மன்றத்துக்குச் சொல்லுங்கள். அவசரத்துக்கு 999. இன்று மாலையே பக்கத்து வீட்டு வாசலில் நின்று, அவர்கள் பெயரைக் கேளுங்கள். உங்கள் பெயரையும் சொல்லிவிட்டு வாருங்கள்.