பாவக் கடனும் பாக்கிக்காரனும்

(ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத் தொழிலாளர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



பாவமன்னிப்பைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லும்படி கேட்டுக் கொண்டீர்கள். ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் மோட்டார் கம்பெனிகளில் ஷிப்டு பார்க்கிற உங்களுக்குக் கடன் என்றால் என்னவென்று யாரும் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை. ஆதலால் கடனைக் கொண்டே பேசுகிறேன்.

கிறிஸ்தவ நண்பர்கள் பாவத்தைக் கடன் என்கிறார்கள். ஏசு கற்பித்த ஜெபம் மத்தேயுவில் கடனை மன்னிக்கும்படி கேட்கிறது. லூக்காவில் அதே இடத்தில் பாவம் என்றிருக்கிறது. அவர் பேசிய அரமேயிக் பாஷையில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். சரி, கடன் என்றே வைத்துக் கொள்வோம். கடன் என்றால் அது யாருக்கு வரவேண்டிய பாக்கி என்று கேட்க வேண்டுமா, வேண்டாமா?

ஒரு மேஸ்திரி பத்துப் பேர் கூலியில் ஆளுக்கு நூறு ரூபாய் பிடித்துக் கொண்டான் என்று வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை முழங்காலிட்டு அழுகிறான். கடவுள் மன்னித்து விட்டார் என்று எழுந்து வருகிறான். அவன் மனம் லேசாகிவிட்டது. பை மட்டும் லேசாகவில்லை! கூலியை இழந்தவர்கள் பத்துப் பேர். பாக்கியைத் தள்ளுபடி செய்கிறவர் வேறொருவர். என்னிடம் உள்ள புரோநோட்டைக் கிழித்துப் போட அடுத்த தெருக்காரருக்கு என்ன பாத்தியதை?

“அது கடவுளுக்கும் செய்த குற்றம், அவர் தம் பங்கை மன்னிக்கிறார்” என்பார்கள். அப்படியே இருக்கட்டும். அந்தப் பத்துப் பேரின் பங்கு எந்தக் கணக்கில் இருக்கிறது?

இதைக் கேட்டு மற்றவர்கள் சிரிக்க வேண்டாம். இந்த ஸ்ரீபெரும்புதூர் 1017-இல் ராமானுஜர் பிறந்ததாகச் சொல்லப்படுகிற ஊர். சரணாகதி செய்தவன் பாவம் தொலையும் என்பது அவர் வழி வந்தவர்களின் கொள்கை. குரங்குக் குட்டி தாயைப் பற்றிக் கொள்வது போல மனிதன் பற்ற வேண்டும் என்றார்கள் வடகலையார். பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வது போலக் கடவுளே கொண்டு போவார் என்றார்கள் தென்கலையார். குட்டி எப்படிக் கரை சேரும் என்பதில் இத்தனை விவகாரம்! அது யாரைக் கடித்துவிட்டு வந்தது என்று இருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். லூக்காவில் சகேயு என்ற வரி வசூல்காரன் வருகிறான். அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். அது யோக்கியமான பேச்சு. ஆனால் திருப்பிக் கொடுத்த பிறகு மன்னிக்க என்ன மிச்சம் இருக்கிறது?

தோழர்களே! கடன் நிஜமாகவே ரத்தான கதை ஒன்று உண்டு. இந்தக் காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கத்து அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் சொற்ப முன்பணத்துக்காக இருளர் குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு கொத்தடிமையாய்க் கிடந்தன. அவர்களை மீட்டது வானத்திலிருந்து வந்த கிருபையல்ல. 1976-ஆம் வருஷத்துக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். அந்தக் கடனைத் திருப்பித் தரவேண்டிய பொறுப்பே கிடையாது என்கிறது அது. அடிமை வேலை வாங்கினவனுக்கு மூன்று வருஷம் வரை சிறை என்றும் சொல்கிறது. கோட்டாட்சியர் விடுதலைச் சான்றிதழ் கொடுக்கிறார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சட்டம், ஏழையின் தலையில் ஏற்றிய பொய்க் கடனை இறக்குகிறது. பாவமன்னிப்போ, ஏழைக்குச் சேரவேண்டிய மெய்க் கடனை, அவனைக் கேளாமலே எழுதித் தள்ளுகிறது. எது தருமம் என்பதை உங்கள் பகுத்தறிவுக்கே விடுகிறேன்.

ஆகவே, நம்மில் யார் தப்புச் செய்தாலும் கோயிலுக்கோ சர்ச்சுக்கோ ஓடுவதற்கு முன், நஷ்டப்பட்டவன் வீட்டுக்குப் போகட்டும். எடுத்ததைக் கொடுக்கட்டும். பிறகு மன்னிப்பதும் மன்னிக்காததும் அவனுடைய இஷ்டம். அந்த உரிமையை அவனிடமிருந்து பறித்து யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக் கொண்டு, என் பேச்சை முடித்துக் கொள்கிறேன்.