மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்

இங்கிலாந்தில் 1952 முதல் 1954 வரை செய்யப்பட்ட ஒஸ்ரின் ஏ-40 சோமசெற் கார், நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் யாழ்ப்பாணத்தில் ஓய்வு பெறவில்லை. 1990ஆம் ஆண்டில் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையினால் குடாநாட்டிற் பெற்றோல் அரிதாயிற்று. அக்காலத்தில் நோயாளரையும் கர்ப்பிணிகளையும் வைத்தியசாலைக்குக் கொண்டு சென்ற வாகனங்களுள் இப்பழைய காரும் ஒன்று. அதனை ஓட்டியது மண்ணெண்ணெய்.

இஃது எவ்வாறு இயன்றது என நேயர்கள் வினவலாம். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே, சிறிதளவு பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்கினர். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். மேலும், அக்காலத்து எஞ்சின் எரிபொருட் கலவையை ஏறத்தாழ 7 மடங்கே அமுக்கியது. இக்கால எஞ்சின்கள் அமுக்குவதிலும் இது குறைவு. ஆதலால் தரங்குறைந்த எரிபொருளையும் அது ஏற்றுக்கொண்டது.

எனினும், இவ்வுதவி இலவசமாகக் கிடைக்கவில்லை. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து இறங்கி, எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்தது, தேய்மானம் மிகுந்தது. பிளக்குகளிற் கரி படிந்தது. ஒயிலைக் காலந்தவறாது மாற்றவும், பிளக்குகளைக் கழற்றித் துப்புரவு செய்யவும் வேண்டியிருந்தது. இவ்வேலைகளுக்குப் பெருந்தொழிற்சாலை தேவைப்படவில்லை. சில சாவிகளும் பொறுமையும் போதுமாயிருந்தன.

மண்ணெண்ணெயில் ஓடுமென எண்ணி எவரும் அக்காரைச் செய்திலர். திறந்து பார்த்து, விளங்கிக்கொண்டு, தம் கையாலேயே திருத்தக்கூடியதாய் அஃது இருந்தமையே இடுக்கண் வேளையில் மக்களுக்குத் துணையாயிற்று.