ஐந்து ஆண்டு காத்திருந்தால் அறுநூறு ரூபாய்



இந்த நூலக வார விழாவில் பேச, 'இன்றைய இளைஞர்கள் சந்திக்கும் சவால்கள்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கைப்பேசியைப் பற்றிப் பேசலாம், போதையைப் பற்றிப் பேசலாம். இரண்டும் பேச வேண்டியவைதான். ஆனால் இந்த நூலகக் கட்டடத்தில் நின்றுகொண்டு, இதன் மாடியில் தினமும் நடப்பதைப் பேசாமல் நான் இறங்கிப் போனால் அது பெரிய தவறு.

மாடியில் நீள மேசைகள் கிடக்கின்றன. காலையில் கதவு திறப்பதற்கு முன்பே வாசலில் ஐம்பது, அறுபது செருப்புகள். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களில் பி.எஸ்சி. முடித்தவர் உண்டு, பி.இ. முடித்தவர் உண்டு, எம்.காம். முடித்தவர் உண்டு. அவர்கள் கையில் இருப்பது என்ன புத்தகம் தெரியுமா? ஆறாம் வகுப்பு சமூக அறிவியல். எட்டாம் வகுப்புத் தமிழ். பத்தாம் வகுப்பு அறிவியல். சமச்சீர்க் கல்விப் பாடநூல்களை வரிவரியாக அடிக்கோடிட்டு மறுபடி படிக்கிறார்கள். அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக்கு. இருநூறு கேள்வி, முந்நூறு மதிப்பெண், மூன்று மணி நேரம். ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். அந்த ஒரு கேள்வி தவறினால் தரவரிசையில் ஆயிரக்கணக்கானோர் முன்னால் போய்விடுவார்கள்.

2024-ல் அந்தத் தேர்வுக்கு அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். பிறகு இடங்களைக் கூட்டினார்கள். கூட்டிய பிறகும் ஓர் இடத்துக்கு இருநூறு பேருக்கு மேல் நின்றார்கள். கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர். பத்தாம் வகுப்புதான் அடிப்படைக் கல்வித் தகுதி என்கிற வேலைகள் இவை. இவற்றுக்குத்தான் பட்டமும் பட்டமேற்படிப்பும் முடித்த பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள்.

இந்தப் பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. 1956-ல் காமராசர் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தாரே, அன்றைக்குத் தொடங்கிய பயணம் இது. சோறு போட்டுப் படிக்க வைத்தோம். 1982-ல் சத்துணவு வந்தது. பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் இருந்த நுழைவுத் தேர்வை இந்த மாநிலம் சட்டம் போட்டு நீக்கியது. 2010-ல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை வந்தது. அதற்குப் பிறகு மடிக்கணினி வந்தது. பலன் கண்ணெதிரே இருக்கிறது. 2021-22 கணக்கின்படி, உயர்கல்விக்குப் போகும் வயதில் உள்ளவர்களில் நூற்றுக்கு 47 என்ற சேர்க்கை விகிதத்தைத் தமிழ்நாடு எட்டியது. நாடு முழுவதற்கும் அது 28 தான். பெண் பிள்ளைகள் ஆண் பிள்ளைகளுக்கு ஒரு துளியும் குறையவில்லை. உலகத்தில் எந்த மேடையிலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லக்கூடிய சாதனை இது. நானும் நிமிர்ந்துதான் சொல்கிறேன்.

ஆனால் அந்தச் சாதனைக்கு அடுத்த நாள் காலையில் என்ன நடக்கிறது?

சித்தாள் வேலைக்குப் போகிற அம்மா, கொத்தனார் வேலைக்குப் போகிற அப்பா. மகன் பட்டம் வாங்கிய படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். மறுநாளிலிருந்து அந்த வீட்டில் ஒரு கேள்வி நடமாடத் தொடங்குகிறது. அம்மா கேட்க மாட்டார். தெரு கேட்கும். கல்யாண வீட்டில் கேட்கும். 'பையன் என்ன பண்றான்?' 'இன்னும் செட்டில் ஆகலையா?' முதல் வருஷம் பதில் சொல்வான். இரண்டாவது வருஷம் கல்யாணத்துக்கு வருவதையே நிறுத்திவிடுவான். சொந்தக்காரர் யாராவது வீட்டுக்கு வந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு இங்கே கிளம்பி வந்துவிடுவான். மாடியில் இருக்கிற பாதிப் பேருக்கு இந்த நூலகம் படிக்கிற இடம் மட்டும் இல்லை, அந்தக் கேள்வி உள்ளே வர முடியாத இடம்.

அவனைச் சோம்பேறி என்கிறார்கள். 'கிடைச்ச வேலைக்குப் போக வேண்டியதுதானே' என்கிறார்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2024-ல் இந்தியாவின் வேலைநிலை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. 2022 கணக்கு அது. எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே வேலையின்மை 3.4 விழுக்காடு. பட்டதாரி இளைஞர்களிடையே 29.1 விழுக்காடு. கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு வித்தியாசம்! படிக்காதவனுக்கு வேலை கொட்டிக் கிடக்கிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. அன்றைக்குக் கூலி இல்லை என்றால் அன்றைக்கு அடுப்பு எரியாது, அதனால் அவன் எதற்கும் போகிறான். பட்டதாரிக்காக அவனுடைய குடும்பம் பதினைந்து வருஷம் வயிற்றைக் கட்டியிருக்கிறது. நகையை வைத்திருக்கிறது, ஆட்டை விற்றிருக்கிறது. அந்தப் பதினைந்து வருஷத்தை, பட்டம் எதற்கும் உதவாத முதல் வேலையில் கொண்டுபோய்ப் போட அவனுக்கு மனசு வருமா? அவன் காத்திருப்பது தன் பெற்றோரின் உழைப்புக்குக் காட்டுகிற மரியாதை. அதைச் சோம்பல் என்று சொல்கிற வாய்க்கு நான் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

காத்திருக்கிற காலமும் அவன் கையிலா இருக்கிறது? கணக்கைப் பாருங்கள். 2019 செப்டம்பரில் ஒரு குரூப் 4 தேர்வு நடந்தது. அதற்கு அடுத்தது 2022 ஜூலையில். நடுவில் கொரோனா. கிட்டத்தட்ட மூன்று வருஷம். 2020-ல் பட்டம் முடித்தவன் ஒரு தாளைக்கூட எழுதாமல் இரண்டு வருஷத்தை இழந்தான். 2022 ஜூலையில் எழுதிய தேர்வுக்கு 2023 மார்ச்சில்தான் முடிவு வந்தது, எட்டு மாதம் கழித்து! 2023-ல் தேர்வே இல்லை. அப்புறம் 2024 ஜூன். அந்த முறை ஐந்து மாதத்துக்குள் முடிவை வெளியிட்டார்கள். அதை மனதாரப் பாராட்டுகிறேன். முடியும் என்று காட்டிவிட்டார்கள் அல்லவா? இனி ஒருபோதும் எட்டு மாதத்துக்குத் திரும்பிப் போகக் கூடாது. ஓர் இளைஞனின் இருபத்திரண்டாம் வயதும் இருபத்தைந்தாம் வயதும் அரசாங்கக் கோப்பில் கிடக்கிற தாள் இல்லை.

2019 தேர்வில் இன்னொரு காயமும் உண்டு. ராமேசுவரம், கீழக்கரை மையங்களில் நடந்த முறைகேடு. சிறிது நேரத்தில் அழிந்துவிடும் மையில் எழுதி, பிறகு விடைகளை மாற்றினார்கள். 99 பேருக்கு வாழ்நாள் தடை விதித்தது தேர்வாணையம். 1929-ல், இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாகச் சென்னையில் அமைந்த ஆணையத்தின் வழிவந்த நிறுவனம் அது. அந்தப் பெருமைக்கு விழுந்த அடியைவிட, நேர்மையாக விடிய விடியப் படித்த பிள்ளையின் நெஞ்சில் விழுந்த அடியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 'நாம படிச்சு என்ன ஆகப் போகுது' என்ற எண்ணம் ஒருமுறை புகுந்துவிட்டால், அதை எடுக்க எந்தப் பயிற்சி மையத்தாலும் முடியாது.

அந்த எண்ணம் புகுந்த இடத்தைத் தேடித்தான் ஏமாற்றுக்காரன் வருகிறான். உள்ளூரில் வருகிறவன் 'அஞ்சு லட்சம் குடு, ஆர்டர் வாங்கித் தர்றேன்' என்கிறான். வெளியூரிலிருந்து வருகிறவன் தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்கிறான். 2022-ல் மியான்மரின் மியாவாடியில் நம் பிள்ளைகள் எப்படிச் சிக்கினார்கள்? கணினி வேலை என்று சொல்லி அழைத்துப் போய், கடவுச்சீட்டைப் பிடுங்கிக்கொண்டு, முகம் தெரியாதவர்களை இணையத்தில் ஏமாற்றிப் பணம் பறிக்கும் வேலையில் உட்கார வைத்தார்கள். மறுத்தவர்களை அடித்தார்கள். மாநில அரசும் இந்தியத் தூதரகமும் முயன்று பலரை மீட்டுக் கொண்டுவந்தன. அவர்கள் பேராசைக்காரர்கள் இல்லை. நான்கு வருஷம் வீட்டில் தலைகுனிந்து சாப்பிட்டவர்கள். ஒரு மாதச் சம்பளத்தையாவது அம்மா கையில் கொடுக்க வேண்டும் என்று தவித்தவர்கள்.

இந்தத் தவிப்பு நேற்றைய தலைமுறைக்கும் இருந்தது என்று இங்கே சில பெரியவர்கள் நினைக்கலாம். உண்மைதான் ஐயா. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு அட்டையைப் புதுப்பித்துக்கொண்டே இருந்த தலைமுறை உங்களுடையது. ஆனால் உங்களோடு படித்தவன் எங்கே இருக்கிறான், என்ன சம்பளம் வாங்குகிறான் என்பது பொங்கலுக்கு ஊருக்கு வந்தால்தான் உங்களுக்குத் தெரியும். இவர்களுக்கு அப்படி இல்லை. பெங்களூருக்குப் போன நண்பன் வாங்கிய பைக், ஸ்டேட்டஸில் காலை ஏழு மணிக்கே வந்து நிற்கிறது. அதே கைப்பேசியில்தான் பாடக் குறிப்பு வருகிறது, மாதிரித் தேர்வு வருகிறது, ஹால் டிக்கெட் வருகிறது. அதைத் தூக்கிப் போடு என்று அறிவுரை சொல்லிவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

தங்கைகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க மாட்டேன். ஆண் பிள்ளைக்காவது காத்திருக்கக் காலம் கிடைக்கிறது. பெண் பிள்ளைக்கு வீட்டில் கெடு வைக்கிறார்கள். 'இந்த ஒரு எக்ஸாம்தான், அப்புறம் வர்ற வரனைப் பார்த்துடணும்.' அவள் அந்தத் தேர்வு மண்டபத்துக்குள் போகும்போது இருநூறு கேள்வியோடு இருநூற்றோராவது கேள்வி ஒன்றையும் சுமந்துகொண்டு போகிறாள். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிற பெண்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் விடுதியில் தங்கி, மூன்று ஷிப்டிலும் உழைத்து, தம்பியின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுகிறவர்கள் அவர்கள். உழைக்கவும் தயார், தனியாக வாழவும் தயார் என்று அவர்கள் காட்டிவிட்டார்கள். பெற்றோரே, உங்கள் மகளுக்கும் இன்னும் இரண்டு வருஷம் கொடுங்கள். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

காத்திருப்பவர்களுக்கு அரசு எதுவுமே செய்யவில்லையா என்றால், செய்கிறது. வேலைவாய்ப்பற்ற இளைஞர் உதவித்தொகை என்று ஒன்று இருக்கிறது. அதை வாங்க, பதிவு செய்துவிட்டு ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும். காத்திருந்தால் பட்டதாரிக்கு மாதம் அறுநூறு ரூபாய். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்கு நானூறு. பொறியியல் போன்ற தொழிற்படிப்பு படித்தவர்களுக்கு அதுவும் கிடையாது. அறுநூறு ரூபாய்க்கு மாதிரித் தேர்வுத் தொகுப்பு ஒன்று வாங்கலாம், அவ்வளவுதான். நான் முதல்வன் திட்டத்தில் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கிற ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்து மாதம் 7,500 ரூபாய் கொடுக்கிறார்கள். நல்ல திட்டம். ஐ.ஏ.எஸ். ஆகப் போகிறவருக்கு நீண்ட அந்தக் கை, தட்டச்சர் ஆகப் போகிறவருக்கும் நீள வேண்டும். ஐந்து வருஷக் காத்திருப்பு என்ற விதியை ஒரு வருஷமாக்க வேண்டும். தொகையை இன்றைய விலைவாசிக்கு உயர்த்த வேண்டும். இங்கே வந்திருக்கிற சட்டமன்ற உறுப்பினர் அவர்களிடம் இதை மேடையிலேயே கேட்கிறேன், பேரவையிலும் நீங்கள் கேளுங்கள்.

தம்பி தங்கைகளே, உங்களிடம் ஒன்று சொல்லியாக வேண்டும், கசந்தாலும் கேளுங்கள். இருநூறு பேரில் நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேருக்கு அந்த ஓர் இடம் கிடைக்காது. இதை மறைத்து 'முயன்றால் எல்லாம் முடியும்' என்று உங்களிடம் கைதட்டல் வாங்கிக்கொண்டு போக எனக்கு உரிமை இல்லை. எத்தனை முறை எழுதுவது என்று நீங்களே ஓர் எல்லை வையுங்கள். அந்த எல்லை வரை முழு மூச்சாகப் படியுங்கள். கூடவே கையில் ஒரு தொழில் இருக்கட்டும். கணக்குப் பதிவோ, ஜி.எஸ்.டி. தாக்கல் செய்வதோ, ஏசி மெக்கானிக் வேலையோ, தட்டச்சில் முதுநிலையோ. அந்த வேலைக்குப் போகிற நாளில், தோற்றுப் போனவன் என்று உங்களை நீங்களே நினைத்துக்கொள்ளாதீர்கள். மாடியில் நீங்கள் படித்த அரசமைப்புச் சட்டமும் வரலாறும் வீணாகவில்லை. இந்த ஊரில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதத் தெரிந்தவர்களில் பெரும்பாலானவர்கள் குரூப் 4-க்குப் படித்துத் தேர்வாகாதவர்கள்தான். ஊருக்கு அவர்கள் வேண்டும்.

இனி ஊர்க்காரர்களிடம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் பாடுபட்டதால் 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. நீங்கள் கட்டுகிற சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலிக்கப்படுவது அந்தச் சட்டத்தால்தான். இந்தக் கட்டடம் நம் காசு. மாடி இரவு பத்து மணி வரை திறந்திருக்க வேண்டும் என்று வாசகர் வட்டம் மாவட்ட நூலக அலுவலருக்கு மனு எழுதியிருக்கிறது. காவலுக்கு ஒருவரும் இரண்டு மின்விசிறியும் தேவைப்படும். வணிகர் சங்கத்தார் மின்விசிறிக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பெண் பிள்ளைகள் இரவில் வீடு திரும்ப ஆட்டோ ஓட்டுநர் சங்கத் தோழர்கள் முறை போட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வட்டாட்சியர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள், வங்கியில் இருந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் முப்பது பேராவது இருப்பீர்கள். வாரம் ஒரு மாலை மாடிக்கு வாருங்கள். கணிதம் சொல்லிக் கொடுங்கள், தமிழ் இலக்கணம் சொல்லிக் கொடுங்கள். ஒன்றும் சொல்லிக் கொடுக்க முடியாதவர்கள் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள். என்ன படித்தாய் என்று கேளுங்கள், எப்போது வேலைக்குப் போவாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.

மனு நூலகர் அம்மாவின் மேசைமேல் இருக்கிறது. பாடம் சொல்லித் தருகிறவர்கள் பெயர் எழுத ஒரு நோட்டும் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. நான் வியாழக்கிழமை மாலை என்று எழுதியிருக்கிறேன், மற்ற ஆறு நாட்களும் காலியாக இருக்கின்றன. தேநீருக்கு முன்னால் எழுதிவிட்டு வாருங்கள்.